சொல்லிச் செய்யும் ஏர் ரைஃபிளுக்கு எந்த சைட்: ஓப்பன் சைட், பீப் சைட், ஸ்கோப்

தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி ஓர் ஏர் ரைஃபிளைச் சொல்லிச் செய்துகொள்ள விரும்புபவர், ஸ்பிரிங், பிஸ்டன், ட்ரிகர், தோளில் பதியும் கட்டையின் மரம் ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார். குறிபார்க்கும் கருவியான சைட்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார். அந்த யோசனையும் பெரும்பாலும் எந்த ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, வாங்குவது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்று கருதுகிறேன். கட்டையில் கன்னம் பதியும் இடத்தின் உயரம், குழல் முனையின் அமைப்பு, மொத்த எடை ஆகிய மூன்றும் நாம் எதன் வழியே குறிபார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தவை. எனவே அதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த அலசல் முக்கியமாக, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளை, அதிலும் குழலை மடக்கிக் காக் செய்யும், அதாவது ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டும், வகையைப் பற்றியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சொல்லிச் செய்யப்படும் ரைஃபிள்களில் பல, ஜெர்மனியின் வைராவ் நிறுவனம் தயாரிக்கும் எச்டபிள்யூ 30, 50, 80, 95 போன்றவற்றின் உலோகப் பாகங்களை அடித்தளமாகக் கொண்டு உருவானவை. பிரிட்டனின் வெனம் ஆர்ம்ஸ் நிறுவனம் பெயர் பெற்றதும் இதே வைராவ் ரைஃபிள்களைச் செம்மைப்படுத்தித்தான். சக்தியின் எல்லையைச் சட்டம் வகுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூல். ஜெர்மனியில் அது 7.5 ஜூல். இந்த அளவுச் சக்தியுள்ள ரைஃபிளால் பெரும்பாலானோர் சுடுவது பத்து மீட்டர் முதல் முப்பது மீட்டர் வரைதான். மூன்று வகைகளையும் இந்தத் தூரத்துக்குள் வைத்தே ஒப்பிட வேண்டும். நூறு மீட்டரில் சுடும் துப்பாக்கிக்கான வாதங்களை இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரியாகாது.

ஓப்பன் சைட் என்பது குழல் முனையில் நிற்கும் ஒரு சிறு தூணும், பின்னால் ஒரு தகட்டில் வெட்டப்பட்ட பள்ளமும் சேர்ந்தது. பள்ளத்தின் நடுவே தூணை நிறுத்தி, இரண்டின் மேல்விளிம்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்த மட்டத்தின் மேல் இலக்கை உட்கார வைக்கிறோம். பீப் சைட்டில் பள்ளத்துக்குப் பதிலாகக் கண்ணுக்கு அருகில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையின் நடுவைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, கண் தானாகவே மையத்துக்குப் போய்விடும். ஸ்கோப்பில் இலக்கும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

மடக்குக் குழல் ரைஃபிளில் ஓப்பன் சைட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. விற்பனைப் பேச்சில் அதிகம் அடிபடாத விஷயம் இது. வைராவ் மடக்குக் குழல்களில் முன் சைட் குழலின் முனையிலும், பின் சைட் குழலின் அடிக்கட்டியிலும் பொருத்தப்பட்டிருக்கும். அதாவது இரண்டும் குழலோடு சேர்ந்தே மடங்கும். குழலோடு சேர்ந்தே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். நாளடைவில் கீல் தளர்ந்தாலோ, ஒவ்வொரு முறை மூடும்போதும் குழல் மயிரிழை அளவு வேறு இடத்தில் நின்றாலோ, சைட்டும் அதே அளவு நகர்ந்திருக்கும். ஆகவே குழல் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் சைட்டும் பார்க்கும். ஸ்கோப் அப்படியல்ல. அது பின்னாலுள்ள சிலிண்டர் குழாயின் மேல் உட்காருகிறது. குழல் ஓர் உடம்பு, ஸ்கோப் இன்னோர் உடம்பு. பூட்டில் வரும் சிறு மாற்றம் முழுவதும் இலக்கில் விலகலாகத் தெரியும். பீப் சைட்டின் துளை சிலிண்டரின் பின்முனையிலும் தூண் குழலிலும் இருப்பதால், அதன் நிலை இவை இரண்டுக்கும் இடைப்பட்டது.

பல மடக்குக் குழல்கள் சிலிண்டரின் நேர்க்கோட்டைவிடச் சற்றுக் கீழ்நோக்கியே நிற்கும். டயானா ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஓப்பன் சைட்டை இது பாதிப்பதே இல்லை. ஸ்கோப்பிலோ, மேல்கீழ்த் திருகை எல்லைவரை திருப்பியும் போதாமல், சரிவை ஈடுகட்டும் தனி மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) வாங்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. ஸ்பிரிங் ரைஃபிளின் உதைப்பு வேறு இருக்கிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னே வருகிறது, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே எகிறுகிறது. முன்னும் பின்னுமாக வரும் இந்த இரட்டை அதிர்வு, அதற்கென வடிவமைக்கப்படாத ஸ்கோப்பின் உள்ளிருக்கும் கண்ணாடிகளைத் தளர்த்திவிடும். மவுண்டையும் சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்தும். மவுண்டிலிருந்து இறங்கும் தடுப்பு ஊசிக்காகவே வைராவ் சிலிண்டரில் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். தூணுக்கும் பள்ளத்துக்கும் இந்தக் கவலைகள் கிடையாது.

துல்லியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பீப் சைட் முந்துகிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 40 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். பள்ளத்தில் தூண் 0.1 மி.மீ. விலகி நின்றால், 20 மீட்டர் தூரத்தில் பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு 5 மி.மீ. விலகி விழும். அதே ரைஃபிளில் பின் சைட்டை எடுத்துவிட்டு, சிலிண்டரின் பின்முனையில் பீப் சைட்டைப் பொருத்தினால் இடைவெளி ஏறத்தாழ 65 செ.மீ. ஆகும், அதே 0.1 மி.மீ. பிழைக்கு விலகல் 3 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். சிறு துளை வழியே பார்க்கும்போது தூணும் இலக்கும் ஒருசேர ஓரளவு தெளிவாகத் தெரிவது கூடுதல் ஆதாயம். ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சைட்டில் கண்ணாடி வில்லைகளுக்கு அனுமதி இல்லை. பீப் சைட் மட்டுமே. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அப்படிப்பட்ட துளையின் வழியேதான். அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. என்பதை நினைத்துப் பார்த்தால், ஸ்கோப் இல்லாமல் துல்லியம் இல்லை என்ற பேச்சுக்கு இடமே இராது.

அப்படியானால் பீப் சைட்டோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தாளில் அச்சிட்ட வட்டங்களைச் சீரான வெளிச்சத்தில் சுடுபவருக்கு என் பதிலும் அதுதான். ஆனால் மரநிழலில் தொங்கும் தகர மூடியையோ, மாலை வெளிச்சத்தில் வேலியோரம் நிற்கும் இலக்கையோ சுடுபவருக்குச் சிறு துளை இருட்டடிக்கிறது. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், கூர்மை குறையும். ஓப்பன் சைட்டில் இலக்கைச் சுற்றியுள்ள வெளி முழுவதும் கண்ணில் படுகிறது. ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றியவுடனேயே, தேடாமல், தூண் இலக்கின் அடியில் வந்து நிற்கிறது. சரியாக அமைந்த ரைஃபிளில் இது கிட்டத்தட்ட விரலால் சுட்டிக்காட்டுவதைப் போன்றது. ஓப்பன் சைட்டின் மேல் எனக்குள்ள பிடிப்பு பெருமளவு இந்த வேகத்தாலும் தெளிவாலும் வந்ததே தவிர, பழமையின் மேலுள்ள பற்றால் வந்ததல்ல.

ஓப்பன் சைட்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தை மட்டுமே கூர்ந்து பார்க்க முடியும். பள்ளம், தூண், இலக்கு ஆகிய மூன்றில் தூணைக் கூர்மையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மங்கலாக ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இது கடினமாகிறது. வைராவ் வகை மடக்குக் குழலில் பள்ளம் கண்ணிலிருந்து வெகுவாக முன்னே தள்ளி இருப்பதால், அந்த மங்கல் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருப்பது ஓர் ஆறுதல். இன்னொரு குறை, தூண் மறைக்கும் அகலம். கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளி நிற்கும் 2 மி.மீ. தூண், 20 மீட்டரில் 44 மி.மீ. அகலத்தை மறைத்துவிடும். அதனால்தான் தூணை இலக்கின் நடுவில் வைக்காமல், வட்டத்தின் அடிவிளிம்பு தூணின் தலையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைக்கிறார்கள். பத்து மீட்டர் இலக்கின் கறுப்புப் பகுதி 30.5 மி.மீ. விட்டமுள்ளது, அதற்குச் சமமான அகலத்தில் தூண் தெரிய வேண்டுமானால் தூண் ஏறத்தாழ 2.7 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். கறுப்பும் தூணும் ஒரே அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது, இடம் வலமாக ஏற்படும் மிகச் சிறிய சாய்வும் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

சொல்லிச் செய்யும் ரைஃபிளின் உண்மையான பலன் இத்தகைய நுணுக்கங்களில்தான் கிடைக்கிறது. தேர்ந்த கைவினைஞர் தூணை வேண்டுமென்றே சற்று உயரமாக விட்டுவைப்பார். பிறகு வாங்குபவருடைய பெல்லட், வாங்குபவர் விரும்பும் தூரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அதை அரத்தால் இழைத்துக் குறைப்பார். தூண் குறையக் குறையப் பெல்லட் மேலே ஏறும். மேலே சொன்ன 40 செ.மீ. இடைவெளியில், 0.1 மி.மீ. இழைத்தால் 20 மீட்டரில் 5 மி.மீ. ஏற்றம். ஆகவே இரண்டு இழைப்பு இழைத்தவுடன் நிறுத்திச் சுட்டுப் பார்ப்பதே முறை. இழைத்த உலோகம் பளபளத்தால் வெளிச்சம் விழும் பக்கத்தையே கண் தூணின் நடுவாக எடுத்துக்கொள்ளும், பெல்லட் அதற்கு எதிர்ப்பக்கமாக விலகும். மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிக் கரியேற்றினால் தூணின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். பச்சையும் சிவப்புமாக ஒளிரும் ஃபைபர் ஆப்டிக் இழைகளை நான் பரிந்துரைப்பதில்லை. புதரின் நிழலில் அவை வேகமாகக் கண்ணில் படும் என்பது உண்மை. ஆனால் ஒளிரும் புள்ளிக்கு விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாத இடத்தில் மட்டம் பார்க்க முடியாது.

கட்டையின் விஷயத்துக்கு வருவோம், ஏனெனில் பணம் வீணாவது இங்கேதான். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 4 முதல் 5 செ.மீ. மேலே இருக்கும், ஓப்பன் சைட்டின் பார்வைக்கோடு அதைவிட மிகத் தாழ்வானது. ஸ்கோப்புக்கென உயர்த்திச் செதுக்கிய கட்டையில் கன்னத்தைப் பதித்தால், கண் பள்ளத்துக்கு மேலே போய் நிற்கும். தலையை அழுத்தி இறக்க முயன்றால் கழுத்து இறுகும், ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் நிற்கும். வால்நட் மரத்தில் ஒருமுறை செதுக்கி மெருகேற்றிய பிறகு அதைத் திருத்துவது எளிதல்ல. ஏற்றி இறக்கும் கன்னத்தாங்கி வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எடையும் கூடும், மடக்குக் குழல் ரைஃபிளின் மெலிந்த அழகும் போய்விடும்.

எடையைப் பொறுத்தவரை, எச்டபிள்யூ 30 ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அதன்மேல் ஸ்கோப்பும் மவுண்டும் ஏறினால் அரைக் கிலோவோ அதற்கு மேலோ கூடுகிறது, அதுவும் ரைஃபிளின் உச்சியில். ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடப்பதற்கென்றே செய்த ரைஃபிள், அதன்பின் மேல்பாரத்தோடு சாயத் தொடங்குகிறது.

ஸ்கோப்புக்கு உரிய இடத்தை மறுக்க முடியாது. 1980களில் பிரிட்டனில் வெட்டவெளியில் வெவ்வேறு தூரங்களில் வைத்த இலக்குகளைச் சுடும் ஃபீல்ட் டார்கெட் போட்டிகள் பரவியபோது, ஐம்பத்தைந்து கஜம் வரையுள்ள சிறு துளைகளைச் சுட ஸ்கோப் இன்றியமையாததாயிற்று. வைராவே தன் எச்டபிள்யூ 77க்கு ஓப்பன் சைட் வைத்தது. அதன் வழிவந்த 97ஐ சைட் இல்லாமலேயே ஸ்கோப்புக்கென வெளியிட்டது. பிரிட்டனின் ஏர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் டிஎக்ஸ் 200ஐப் பற்றியும் இதையே சொல்லலாம். இவற்றில் குழல் மடங்குவதில்லை, காக் செய்யும் கைப்பிடி மட்டுமே கீழே மடங்குகிறது. எனவே பூட்டு மாறும் பிரச்சினை இல்லை. பெல்லட் விழும் தூரத்தைத் துல்லியமாக அறிந்து சுடுபவருக்கும், உயிருள்ள இலக்கைச் சட்டப்படி வேட்டையாடுபவருக்கும் ஸ்கோப்பே பொறுப்பான தேர்வு; இலக்கின் எந்தப் புள்ளியில் படும் என்று தெரியாமல் ஓர் உயிரை நோக்கிச் சுடக் கூடாது. ஸ்கோப் வாங்கினால் பத்து மீட்டர் அளவுக்கு இறக்கித் திருத்தக்கூடிய பாரலாக்ஸ் வசதி, அதாவது இலக்கின் தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதி, உள்ளதையே வாங்க வேண்டும். நூறு கஜத்துக்கென நிலையாக வைக்கப்பட்டவை கிட்டத்தில் மங்கலாகவே காட்டும்.

கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் ரெட் டாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஓர் எம்ஓஏ) அளவுள்ள புள்ளி 20 மீட்டரில் 17 மி.மீ. அளவை மூடுகிறது, பேட்டரி வேண்டும், சிலிண்டரின் மேல் உட்கார்வதால் ஸ்கோப்பின் பூட்டுக் குறையும் சேர்ந்தே வருகிறது.

பிசிபி எனப்படும் அழுத்தக்காற்று ரைஃபிளைச் சொல்லிச் செய்பவர்கள் ஓப்பன் சைட்டை நாடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அவற்றின் குழல் பெரும்பாலும் உறைக்குள் மிதந்து நிற்கிறது, பெல்லட்டுகளை வைக்கும் மேகசின் பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே எழும்புகிறது. உதைப்பும் ஏறத்தாழ இல்லாததால் ஸ்கோப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. அங்கே வளையம் மாட்டித் தூணை ஒட்டவைப்பது தோற்றத்துக்காக மட்டுமே இருக்கும்.

மடக்குக் குழலில், முப்பது மீட்டருக்குள், கையில் தூக்கிக்கொண்டு சுடுவதற்கு என்றால் ஓப்பன் சைட்தான் என் தேர்வு. அதைச் செய்யச் சொல்லும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கொடுப்பது நல்லது. முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, பின்பு கண்ணைத் திறந்தால் தூண் பள்ளத்தில் தெரியும்படி கட்டையின் உயரத்தை நேரில் அளந்து செதுக்க வேண்டும். இரண்டாவது, குழல் முனையில் சைலன்சருக்கான மரை வெட்டக் கூடாது. தூணுக்கும் சைலன்சருக்கும் சேர்த்து அங்கே இடமில்லை. மூன்றாவது, தூணுக்கு மேல் உருண்டையான கவசம் வேண்டும். காக் செய்யும்போது உள்ளங்கை அழுந்துவது குழலின் அந்த முனையில்தான். கவசம் இல்லாத தூண் ஒரு பொழுது முழுக்கச் சுட்டபின் கையைப் புண்ணாக்கும். எங்காவது இடித்தால் தானும் வளையும்.