நான்கு இரவு தங்கிய வீடு: சுத்தத்துக்கு ஐந்து, மொத்தத்துக்கு இரண்டு

வேலை விஷயமாக வெளியூர் போனபோது, ஹோட்டலுக்குப் பதிலாக ஒரு செயலி வழியாக நான்கு இரவுக்கு வீடு எடுத்துத் தங்கினேன். முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெந்நீர் உடனே வந்தது, வைஃபை நல்ல வேகம். வாசல் கம்பியில் தொங்கும் சின்னப் பெட்டியில் நான்கு இலக்க எண்ணைத் திருப்பினால் சாவி கைக்கு வரும். யாரையும் பார்க்கவே வேண்டாம். அதுதான் அப்புறம் என்னை உறுத்தியது.

கீழே பன்னிரண்டு தபால் பெட்டிகள். ஏழில் பெயர்ச்சீட்டு இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும் தெரிந்தது. வாசல் கம்பியில் தொங்கிய சாவிப் பெட்டிகளும் ஏழு.

முதல் நாள் இரவு என் பயணப் பெட்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு ஏறியபோது, இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி கதவைத் திறந்தார். "தூக்கிட்டுப் போம்மா, தினம் ராத்திரி இந்தச் சத்தம்தான்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன், உட்காரவைத்துப் பேசினார். நான் தங்கிய வீட்டில் பதினெட்டு வருஷம் ஒரு தையற்காரர் குடும்பம் இருந்ததாம். அவர்கள் மாதம் முழுக்கத் தந்த வாடகையை இப்போது பத்தே இரவில் உரிமையாளர் எடுத்துவிடுகிறாராம். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பித்துத் தரவில்லை. "எனக்கும் அடுத்த வருஷம் முடியுது" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

கிளம்பும் நாளில் சுத்தம் செய்ய வந்த அக்காவிடம் பேசினேன். அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்தவர். வாடகை ஏறியதில் வெளியேறி, இப்போது இரண்டு பேருந்து மாறி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து அதே தெருவுக்கு வேலைக்கு வருகிறார். என் ரசீதில் துப்புரவுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தது. காட்டினேன். அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தன் கைக்கு வருவதில்லை என்றார். விரிப்பை இழுத்து மடக்கிக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

லண்டனில் தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்களில் வசதியானவர்கள் குடியேற, பழையவர்கள் வெளியேறியதைப் பார்த்துத்தான் 1964-ல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லைத் தந்தார். அங்கே குடிவந்தவர்களாவது அந்தத் தெருவில் வாழ்ந்தார்கள். இங்கே போனவர்களுக்குப் பதிலாக யாருமே குடிவரவில்லை. என்னைப் போல நான்கு நாளுக்கு ஒருவர் வந்து போகிறோம், அவ்வளவுதான்.

இப்படி நாள் கணக்கில் வீடு விடுவதைக் கட்டுப்படுத்தவே முடியாது என்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் இருக்கும்போது தானும் அதே வீட்டில் தங்க வேண்டும். பார்சிலோனா 2028 நவம்பருக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வீடுகளின் உரிமத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-ல் அறிவித்தது. வாடகை ஏறுவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு பெட்டிகளும் ஏழு வீடுகள்.

நீங்கள் இப்படி வீடு எடுத்துத் தங்குவதாக இருந்தால், படங்களைப் பார்ப்பதற்கு முன் வீடு விடுபவரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன்: ஒரே பெயரில் பதினான்கு வீடுகள். பதிவு எண் தேவைப்படும் ஊராக இருந்தால் அது போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த விவரத்தைப் பட்டியலின் மேலேயே காட்டும்படி செயலிக்கு எழுதினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை.

அடுத்த மாதம் அதே ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு ஆசிரியை தான் குடியிருக்கும் வீட்டில் விடும் ஒற்றை அறையை எடுத்திருக்கிறேன். வைஃபை சுமார்தான், குளியலறை பொது. எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டு அவரே எழுதியிருந்தார்.