அப்பா ஓட்டிய காரில் அம்மாவோடு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பத்து வயதைத் தாண்டிய சின்ன பெட்ரோல் ஹாட்ச்பேக். ஓட்டிக்கொண்டிருந்த அப்பா காலமாகிவிட்டார். இனி ஓட்டப்போவது மகனோ மகளோ; பக்கத்து சீட்டில் அம்மா. வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் எத்தனையோ வீட்டு வாசலில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. கருமாதி முடிவதற்குள்ளேயே "பழைய வண்டி, வித்துட்டு வேற எடு" என்று யாராவது சொந்தக்காரர் ஆரம்பித்துவிடுவார். நாங்கள் சொல்வது நேர்மாறானது. முதல் இரண்டு வருடம் அந்த வண்டியை விற்காதீர்கள். அதில் அம்மாவை அடிக்கடி, கிட்டத்தில், தெரிந்த வழியில் அழைத்துப் போங்கள்.

காரணம் எளிமையானது. துக்கம் நடந்த வீட்டில் அம்மா பிள்ளைக்காக அழுகையை அடக்குவார், பிள்ளை அம்மாவுக்காக அடக்கும். "சாப்ட்டியா", "மாத்திரை போட்டியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரில் இருவருக்கும் பார்வை ரோட்டின் மேல். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பேசாமல் வந்தாலும் குறையாகத் தெரியாது. அதனாலேயே பேச்சு வரும். ஆனால் வண்டி பாதி வழியில் நின்றால், டோல்கேட்டில் தகராறு ஆனால், அம்மா அடுத்த முறை "நீ போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிடுவார். அதனால் முதலில் வண்டி.

துக்க வீட்டில் கார் இரண்டு மூன்று மாதம் அசையாமல் நிற்பது வழக்கம். அப்படி நின்ற வண்டியை நேராக ஸ்டார்ட் செய்து கிளம்பக் கூடாது. மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.8-க்கும் கீழே போயிருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம், அரை மணி நேர ஓட்டத்தில் அது தேறாது. பேட்டரி கடையில் ஒரு ராத்திரி மெதுவாகச் சார்ஜ் போட்டு வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரி. பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு இருக்கிறதா, ஒயரை எங்காவது கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பலருக்கும் தெரியாத சிக்கல் ஹேண்ட் பிரேக். அப்பா கடைசியாக நிறுத்தியபோது இழுத்துவிட்ட ஹேண்ட் பிரேக் அப்படியே இருக்கும். மழைக்காலம் குறுக்கே வந்திருந்தால் பின் சக்கரத்து பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நகராமல் திணறும். அப்போது ஆக்சிலேட்டரை மிதித்து முரட்டுத்தனமாக இழுத்தால் ஷூவின் லைனிங் பெயர்ந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் டிரம்மைச் சுற்றிலும் சுத்தியால் தட்டி விடுவிப்பார். இனிமேல் நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கி வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். வேலூர் வெயிலில் ரப்பர் இறுகிவிடும். நின்ற இடத்தில் தட்டையான டயர் முதல் சில கிலோமீட்டருக்குத் தட்டும். சூடானதும் சரியாகாவிட்டால் அதுவும் மாற்ற வேண்டியதுதான். காற்று, ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது.

அடுத்தது காகிதம். வண்டியின் உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள், இறப்பையும் வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தப் போவதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தால், மூன்று மாதம் வரை அதை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்று, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி. இழுத்தடிப்பது வாரிசுச் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் அதற்கு முதல் மாதமே விண்ணப்பியுங்கள். யார் பெயருக்கு மாற்றுவது என்றால், அம்மா பெயருக்கு. லைசென்ஸ் இல்லாதவரும் உரிமையாளராக இருக்கலாம். "இது என் வண்டி" என்ற நினைப்பு அம்மாவுக்கு வருவது சின்ன விஷயமில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியும் இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ, பாலிசி முடியும் தேதியோ, எது முன்னதோ அதுவரைதான். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அப்பா சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி, மனைவிக்கோ பிள்ளைக்கோ வரும். கேட்காவிட்டால் விட்டுப்போகலாம், அதனால் கேட்டு வாங்குங்கள். அப்பா பெயரிலேயே ஓட்டிக்கொண்டு போய் விபத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதே வழக்காகலாம். அந்த நேரத்தில் அம்மா முன்னால் அதெல்லாம் வேண்டாம்.

ஃபாஸ்டாக் அப்பாவின் செல்போன் எண்ணில் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்துப்போனால் ஓ.டி.பி. வராது, கே.ஒய்.சி. புதுப்பிக்க முடியாது, டாக் முடங்கும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பின்னால் லாரி ஹாரன் அடிக்க, கூடுதல் கட்டணம் கட்டத் திணறும் நிலைமை வரும். ஆர்.சி. மாறியதும் பழைய டாக்கை முடித்துவிட்டுப் புது டாக் வாங்குவது நல்லது. அதுவரை அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

காருக்குள் இன்னொன்று இருக்கிறது, எந்த சர்வீஸ் சென்டரிலும் சொல்லித்தர மாட்டார்கள். சாவியைத் திருப்பியதும் ஆடியோ திரை, கடைசியாக இணைந்த போனைத் தேடும். அப்பாவின் பெயர் எழுத்தெழுத்தாக ஓடும். பக்கத்தில் அம்மா இருப்பார். சிலர் பதறிப்போய் அதை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம், அம்மாவிடம் கேளுங்கள். "இருக்கட்டும்" என்றால் உங்கள் போனை இரண்டாவதாகச் சேர்த்து, முன்னுரிமையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு பெட்டியும் அப்படித்தான்: டோல் ரசீது, கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த ஹால்ஸ் பட்டை. காரைக் கழுவக் கொடுக்கும் முன் அம்மாவே உட்கார்ந்து அதைப் பிரிக்கட்டும். நீங்கள் மட்டும் சுத்தம் செய்து வைத்தால், அவருடையது எதையோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்ற சந்தேகம் கடைசிவரை போகாது.

அம்மாவுக்கு இடம் முன் சீட். பல வீடுகளில் அப்பா இருந்தபோதும் அம்மா பின்னால் உட்கார்ந்தே பழகியிருப்பார், தயங்குவார். முழங்கால் வலி இருந்தால் ஏறும் முறையைப் பழக்குங்கள். சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுப்பது. சீட்டின் மேல் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்தால் புடவை சிக்காமல் சுலபமாகத் திரும்பலாம். உட்கார்ந்ததும் பையை எடுத்துவிடுங்கள், பிரேக் போட்டால் வழுக்கும். இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. பெல்ட் கழுத்தை அறுத்தால் அதன் கொக்கி உயரத்தை இறக்குங்கள். ஏ.சி. 25, 26-இல், காற்று முகத்தில் அடிக்காமல்.

எங்கே போவது? காசி, ராமேஸ்வரம் என்று தொடங்காதீர்கள். முதல் மாதங்களில் போய்வர அறுபது கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். எங்கள் முதல் சிபாரிசு விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் அரை மணி நேரத்துக்குள், டோல்கேட்டுக்கு முன்பே, வலப்பக்கம் பாலாற்றை நோக்கித் திரும்பினால் வந்துவிடும். மார்க்கபந்தீஸ்வரர் கோயில், சாமிக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். மலையில்லை, படி அதிகமில்லை, வெளிப்பிராகாரத்தில் நிதானமாக நடக்க இடம் உண்டு. வெயிலின் நிழலைக் கொண்டு மணி பார்க்கும் கல் ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் அம்மாவுக்கு ஏதாவது பழைய கதை ஞாபகம் வரும். ஒரு விஷயம்: துக்கம் நடந்து ஒரு வருடம் வரை மலைக்கோயில் ஏறுவதில்லை, சில குடும்பங்களில் எந்தக் கோயிலுக்குமே போவதில்லை என்ற வழக்கம் உண்டு. அம்மா எதைக் கடைப்பிடிக்கிறாரோ அதுதான் சட்டம். "இந்தக் காலத்துல இதெல்லாமா" என்று வாதம் செய்தால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது.

கோயில் வேண்டாம் என்றால், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போய் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்குவது, ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு பாலாற்றுப் பாலம் வழியாகத் திரும்புவது. வாங்க ஏதாவது ஒன்று இருந்தால் அம்மா கிளம்புவார். "சும்மா ஒரு ரவுண்டு போலாம்மா" என்றால் கிளம்பமாட்டார்.

ஏலகிரி ஆறு மாதத்துக்குப் பிறகு. வேலூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், பொன்னேரியில் மலை தொடக்கம், 14 கொண்டை ஊசி வளைவு, மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம். கிளம்பும் முன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். வளைவுகளில் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். வளைவுக்கு முன்பே ஹாரன். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும்போது ஏறிய அதே கியர்; நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகிப் பிடிக்காமல் போகும், கருகல் வாடை வரும். வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அம்மாவுக்குத் தலைசுற்றாமல் இருக்க ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசான சாப்பாடு, ஜன்னல் கொஞ்சம் திறந்து. ஆம்பூர் பிரியாணி திரும்பும் வழியில்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை போடுபவர் என்றால் காலையில் முதல் இரண்டு மூன்று மணி நேரம் பாத்ரூம் தேவைப்படும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், ஏப்ரல், மே வெயிலில் அது ஆபத்து. சுத்தமான கழிப்பறை இருக்கும் பெட்ரோல் பங்க் எது என்று தனியே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். சர்க்கரை இருந்தால் குளுக்கோஸ் கையில். சாயங்காலம் ஆறுக்குள் வீடு. இருட்டிய பின் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்கும், கண்ணைக் கூசும் ஹைபீமும் ஓட்டுபவரைப் பேசவிடாது.

பேச்சு எப்படி வரும் என்றால், முதலில் குறையாக வரும். "உங்கப்பா இங்க மூணாவது கியர்லதான் வருவாரு", "இந்தப் பக்கம் ஏன்டா திரும்புன, அவரு நேராதான் போவாரு". இதை ஓட்டும் முறையின் மீதான குற்றமாக எடுத்துக்கொண்டு ஜி.பி.எஸ்.ஸைக் காட்டி வாதாடுவதுதான் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்ளும் இடம். அடுத்த முறை ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டு "எப்படிம்மா போவாரு?" என்று கேளுங்கள். வழி சொல்லத் தொடங்கும் அம்மா, எந்த டீக்கடையில் நிறுத்துவார், யாரைப் பார்க்கப் போவார், எப்போது கோபித்துக்கொண்டார் என்று அங்கிருந்து போவார். அழுதால் உடனே ஓரங்கட்ட வேண்டாம். வேகத்தை அறுபதுக்குக் குறைத்து இடது ஓரத்தில் ஓட்டிக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் கூச்சப்பட்டு அடக்கிவிடுவார். கண்ணாடியில் தெரியும் மூன்றாவது ஆள் பின் சீட்டில் இருந்தால் இது எதுவும் நடக்காது. பேரன் பேத்திகளை வேறொரு நாள் கூட்டிப் போங்கள். போன் சைலண்டில்.

செலவு என்று பார்த்தால், ஆரம்பத்தில் பேட்டரி, நான்கு டயர், பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர், எஞ்சின் பெல்ட் மாற்றுவதோடு சரி. பிறகு வருடம் ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஆயில். நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் லிட்டருக்கு 17, 18 கிடைக்கும். மலை ஏறினால் 12.

பதிவு செய்து 15 வருடம் ஆகப்போகிறது என்றால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும்: படிவம் 25, காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள். வண்டி பரிசோதனைக்குப் போய் நிற்கும். தேறினால் அடுத்த ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும். டி.என். 23 (வேலூர்) வண்டியாக இருந்தாலும், 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு உங்கள் முகவரி எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள், ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் தனித்தனி அலுவலகம். கதவின் அடியில், டிக்கியின் தரையில் துரு இருந்தால் பரிசோதனைக்கு முன்பே டிங்கரிங் முடித்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், ஆர்.சி. அவர் பெயரில்தானே இருக்கிறது.