பூவை வெட்டவும் காசு, பூக்காததற்கும் காசு: ஃபார்சிதியா வைத்திருப்பவர்கள் கவனம்

தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் ஒரே ஆள் இரண்டு முறை காசு பார்த்தார். முதலில் பூவை வெட்டியதற்கு, அப்புறம் ஏன் பூக்கவில்லை என்று வைத்தியம் பார்த்ததற்கு.

வேலியோரம் மூன்று ஃபார்சிதியா புதர்கள். குளிர் விலகும் நேரத்தில், ஓர் இலைகூட இல்லாத வெறும் குச்சியில் நாலிதழ் மஞ்சள் பூ அடைத்துக்கொண்டு பூக்கும். மல்லிகைக் குடும்பம்தான், ஆனால் வாசனையை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரக் கூத்து. மற்ற நாளெல்லாம் அது வெறும் பச்சைப் புதர்.

பிப்ரவரியில் வந்தவர், "செடி இப்போ தூங்குது சார், இப்பவே வெட்டிட்டா அதுக்கு வலிக்காது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் மின்கத்தரியால் மூன்றையும் பந்து மாதிரி உருட்டி வைத்துவிட்டார். குவிந்து கிடந்த குச்சிகளில் ஒரு கைப்பிடியைப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டு வாங்கிப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனால், மேசைமேல் ஜாடித் தண்ணீரில் அதே குச்சிகள், நுனி முதல் அடி வரை மஞ்சள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. போன் போட்டேன். "வீட்டுக்குள்ள சூடு சார், அதான் சீக்கிரம் பூத்திருச்சு. உங்களுது ஏப்ரல்ல பாருங்க." முதல் பாதி உண்மை. பாதி உண்மை சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

ஏப்ரலில் கத்தரி எட்டாத அடிக்கிளைகளில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், இருபது பூ இருக்கும். மேலே மொட்டை. வந்து பார்த்தவர், கடுங்குளிர் மொட்டைக் கருக்கிவிட்டது, மண்ணிலும் சத்தில்லை என்றார். குளிர் கருக்குவது உண்டுதான். பனி மூடியிருந்த அடிப்பகுதி மட்டும் தப்பிப் பூக்கும். ஆனால் கருகிய மொட்டு ஜாடியில் எப்படிப் பூக்கும்? இதை அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் உரத்துக்குப் பணம் கொடுத்தேன்.

ஜூனில் சாட்டை சாட்டையாகத் தளிர் கிளம்பியது. மிச்ச உரப் பையைத் திருப்பிப் படித்தால், நைட்ரஜன் தூக்கலான புல்தரை உரம். இலைக்கும் தண்டுக்கும் கொண்டாட்டம், பூவுக்கு ஒன்றுமில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஃபார்சிதியா போன வருடத் தண்டில்தான் பூக்கும். இந்த வசந்தத்தின் பூவுக்கான மொட்டு போன கோடையிலேயே கட்டிவிடும். குளிர்காலத்தில் ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கணுவில் குண்டாக, கூர் நுனியோடு கொத்தாக இருப்பவை பூ மொட்டுகள். மெலிதாக இருந்தால் இலை. அந்தக் குவியல் முழுக்கக் குண்டு மொட்டுகள் இருந்திருக்கின்றன. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

வெட்டுவதானால் பூ உதிர்ந்த கையோடு வெட்ட வேண்டும். நுனியைச் சீவிப் பந்தாக்கக் கூடாது. பட்டை சொரசொரத்த கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுத்தால், புதுத் தண்டு தரையிலிருந்து வரும். ஆள் வந்தால், "இதை எந்த மாதம் வெட்டுவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பூத்து முடிந்ததும் என்று சொல்லாதவரிடம் கத்தரியைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: குளிர்காலமே இல்லாத ஊரில் இதைப் பூக்கும் என்று விற்றால் வாங்காதீர்கள். மொட்டு விழித்துக்கொள்ள அதற்குக் குளிர் வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "செடி சாகலையே சார்" என்றார். செப்டம்பரில் அவரே போன் செய்து, குளிருக்கு முன்னால் ஒரு தடவை வெட்டிவிடலாமா என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாதான், இந்த வருடம் குச்சி வெட்டலையா என்று பிப்ரவரியில் இரண்டு தடவை விசாரித்தார்.