பீட்டிலில் பெட்ரோல் ஹீட்டர்: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

டொராண்டோவில் 1970 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருக்கிறேன். முன்பக்க டிக்கிக்குள் எபர்ஸ்பேக்கர் பிஎன்2 என்ற, பெட்ரோலைத் தானே எரித்துக் காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் இருக்கிறது. காரை விற்றவர் அதன் ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தார். ஆபத்து, தொடாதீர்கள் என்றும் சொன்னார். அதைச் சரிசெய்து சில குளிர்காலங்களாகப் பயன்படுத்துகிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது, அதனால் சூடாக்க வெந்நீரும் கிடையாது. பின்னால் இருக்கும் எஞ்சினின் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள பெட்டிகளில் காற்று சூடாகி, கதவுக்குக் கீழே ஓடும் இரும்புத் தடங்கள் வழியாக முன்னால் வர வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதைத் தள்ள ஃபேனுக்குத் தெம்பு. சிக்னலில் நின்றால் சூடும் நின்றுவிடும். அந்தத் தடங்கள் துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். 1968-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் 411-இல் நிறுவனமே பெட்ரோல் ஹீட்டரைப் பொருத்திக் கொடுத்தது, அவ்வளவு தேவை இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஊதியின் (ஹீட்டருக்குள் இருக்கும் ஃபேன்) ரீங்காரம். அப்புறம் எரிபொருள் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். சற்று நேரத்தில் உள்ளே பற்றிக்கொண்டு உறுமல் ஆரம்பிக்கும். காருக்கு அடியிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புகை வரும். ஓரிரு நிமிடத்தில் கண்ணாடியின் அடி ஓரத்தில் பனித்திரை உருகி, விரல் அகலத்துக்குச் சாலை தெரியத் தொடங்கும். எஞ்சின் ஓடாமலே இதெல்லாம் நடக்கிறது! உடம்புக்குச் சூடு கிடைப்பதைவிட, புறப்படும் முன்பே கண்ணாடி தெளிவாவதுதான் எனக்குப் பெரிய லாபம். மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல்கூடக் குடிக்காது.

ஆபத்து என்று காரை விற்றவர் சொன்னது பொய்யில்லை. தீ எரியும் அறைக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு உலோகச் சுவர்தான். அதில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு நேராகக் காருக்குள் வரும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை. அதனால் ஹீட்டரைக் கழற்றி, கரியைச் சுரண்டி, திறப்புகளை அடைத்து, லேசான அழுத்தத்தில் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி வந்தாலும் அந்தப் பாகம் குப்பைக்குத்தான். பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டும் புதுசு. காருக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்போதும் இருக்கும், இதில் சமரசமே இல்லை. வீட்டு கராஜுக்குள் ஹீட்டரைப் போடுவதில்லை. பெட்ரோல் பங்கில் நுழையும் முன்பே அணைத்துவிடுவேன்.

அணைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சுவிட்சை அணைத்தாலும் ஊதி சில நிமிடம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டையும் புகையையும் வெளியேற்றும். அது தானாக நிற்கும்வரை பேட்டரி இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் உள்பாகம் வெந்துபோகும். பேட்டரியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் ஊதி தளர்ந்து, எரிப்பு கெட்டு, கரி படியும். கோடையிலும் மாதம் ஒரு தடவை ஓடவிடுகிறேன். பழைய பெட்ரோல், பம்புக்குள் பிசினாக உறையாமல் இருக்க இதுதான் வழி.

பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டும் நாட்களில் இந்த வண்டியை வெளியே எடுப்பதில்லை. அக்டோபர் கடைசி, நவம்பர், அப்புறம் ஏப்ரல் காலைகள்: இவற்றுக்குத்தான் ஹீட்டர். சிலர் இதைத் தூக்கிவிட்டு மலிவான டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள். அதற்குத் தனி டேங்க் வேண்டும், அதில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. என் கருத்து: முதலில் எக்ஸாஸ்ட் பெட்டிகளையும் தடங்களையும் சரிசெய்யுங்கள், பெட்ரோல் ஹீட்டரை அதற்குப் பிறகு தொடுங்கள். அழுத்தச் சோதனை செய்து தர ஆள் கிடைக்காவிட்டால், ஒயர் கழன்றபடியே இருக்கட்டும்.