எலி வேறு, சுண்டெலி வேறு: 'ப்ளூம்பரோ' சீட்டுத் தொகுதி மதிப்புரை

கற்பனை உலகச் சீட்டாட்டம் ஒன்றை உருவாக்க உட்காருகிறவர் பெரும்பாலும் முதல் நாளிலேயே உயிரின வகைகளின் பட்டியலை எழுதி முடித்துவிடுவார். ஓநாய், கழுகு, பாம்பு, புலி என்று தமக்குப் பிடித்த விலங்குகள் எல்லாம் அதில் வந்து உட்கார்ந்துவிடும். அவற்றில் எவற்றை நீக்குவது, எவற்றை ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவருவது, எந்த விலங்குக்கு எந்த ஆட்டமுறையைக் கொடுப்பது என்ற கேள்விகள் அதற்குப் பிறகே எழும். அங்கேதான் பல முயற்சிகள் நின்றும் போகின்றன. 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தில் 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்த 'ப்ளூம்பரோ' தொகுதியை நான் இந்தக் கேள்விகளோடுதான் அணுகினேன். எந்த டெக் (ஆட்டக்காரர் தாமே சேர்த்து அமைக்கும் சீட்டுக்கட்டு) போட்டியில் வெல்லும் என்பதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். விலங்குகளைத் தேர்ந்தெடுத்த விதம் எந்த அளவுக்குச் சரியாக அமைந்திருக்கிறது என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

இத்தொகுதியில் மனிதர்கள் கிடையாது. உடை அணிந்து, கருவி ஏந்தி, ஊர் கட்டி வாழும் சிறு விலங்குகளே குடிமக்கள். மேஜிக்கில் ஐந்து நிறங்கள் இருப்பதால் இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து இணைகள் கிடைக்கும். இணைக்கு ஒன்றாகப் பத்து விலங்குகள் பங்கிடப்பட்டுள்ளன. வெள்ளை நீலத்துக்குப் பறவை, நீலம் கறுப்புக்கு எலி, கறுப்பு சிவப்புக்குப் பல்லி, சிவப்பு பச்சைக்கு ரக்கூன், பச்சை வெள்ளைக்கு முயல், வெள்ளை கறுப்புக்கு வௌவால், நீலம் சிவப்புக்கு நீர்நாய், கறுப்பு பச்சைக்கு அணில், சிவப்பு வெள்ளைக்குச் சுண்டெலி, பச்சை நீலத்துக்குத் தவளை. இந்தக் கணக்கின்படி ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் நான்கு விலங்குகள் வருகின்றன. எட்டுப் பேர் சுற்றி அமர்ந்து பூஸ்டர் எனும் சீட்டுப் பொட்டலங்களைப் பிரித்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஆடும் டிராஃப்ட் முறையில் ஒருவர் தொடக்கத்தில் எடுத்த நிறத்தை வைத்துக்கொண்டே விலங்கை மாற்றிக்கொள்ள இது இடம் தருகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு விலங்கு என்று ஒதுக்கியிருந்தால் முதல் சீட்டிலேயே ஆட்டக்காரரின் கை கட்டப்பட்டிருக்கும்.

தேர்வின் தரத்தைக் காண அணிலிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். அணில் உணவைப் புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுக்கும் விலங்கு. மேஜிக்கில் பயன்படுத்தி முடித்த சீட்டுகளும் இறந்த உயிரினங்களும் போய்ச் சேரும் குவியலுக்குக் கல்லறை என்று பெயர். ப்ளூம்பரோவின் அணில்கள் அந்தக் கல்லறையிலிருந்து மூன்று சீட்டுகளை ஆட்டத்தை விட்டே விலக்கியோ, உணவு டோக்கன் (சீட்டுக்குப் பதிலாகக் களத்தில் வைக்கும் அடையாளம்) ஒன்றைப் பலியிட்டோ தங்கள் திறனை இயக்குகின்றன. கதைக்குள்ளோ அவை எலும்புகளைக் கொண்டு மந்திரம் செய்கின்றன. கொட்டையைத் தோண்டும் அணிலைச் சடலத்தைத் தோண்டும் சூனியக்காரியாக மாற்ற ஒரு சிறிய நகர்த்தல் மட்டுமே தேவைப்பட்டிருக்கிறது. விதியைப் படிப்பதற்கு முன்பே விலங்கின் உருவம் விதியில் பாதியைச் சொல்லிவிடுகிறது. உயிரின வகை என்ற ஒரு சொல் சீட்டில் அச்சாவதற்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

தவளையும் அப்படியே. தாவிக் கரைக்குப் போய் மீண்டும் தாவி வரும் விலங்குக்கு, களத்திலுள்ள சீட்டைக் கைக்குத் திருப்பி மறுபடி இறக்கும் ஆட்டமுறை கொடுக்கப்பட்டுள்ளது. இரத்தம் குடிக்கும் விலங்கு என்று பெயரெடுத்த வௌவாலுக்கு உயிர்ப்புள்ளிகளை இழப்பதும் பெறுவதும் ஆட்டமாகின்றன. எண்ணிக்கையால் களத்தை நிரப்புவது முயலின் வேலை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடுதல் மானா (சீட்டை இறக்கச் செலவிடும் மந்திர ஆற்றல்) செலுத்தினால் உயிரினத்தோடு அதன் 1/1 அளவுள்ள, அதாவது தாக்கும் வலிமை 1, தாங்குதிறன் 1 கொண்ட சிறு நகல் ஒன்றும் களத்துக்கு வரும் 'ஆஃப்ஸ்பிரிங்' என்ற திறன் முயலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அதை முயலுக்கு மட்டும் பூட்டி வைக்காமல் மற்ற விலங்குகளுக்கும் பகிர்ந்தது நல்ல முடிவு. குட்டியோ குஞ்சோ இல்லாத விலங்கு எது?

பல்லியிடம் வரும்போது இந்தப் பிடிப்பு தளர்கிறது. குளிர் இரத்த விலங்கு வெயில் காயும், ஆகவே நெருப்பின் சிவப்பு நிறம் அதற்குப் பொருந்தும் என்பது வரை ஏற்கலாம். ஆனால் எதிராளி அந்தச் சுற்றில் உயிர்ப்புள்ளி இழந்திருந்தால் வலுப்பெறும் என்ற அதன் ஆட்டமுறைக்கும் பல்லிக்கும் என்ன உறவு? அதே விதியை வௌவாலுக்கோ எலிக்கோ மாற்றி எழுதினாலும் எவரும் குறை சொல்லப்போவதில்லை. அப்படி மாற்றியும் எதுவும் கெடவில்லை என்றால், அந்த விலங்கு அந்த விதிக்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை, காலியாக இருந்த நிறத்தை நிரப்பவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கொள்ளலாம். ரக்கூனுக்கும் ஓரளவு இதே நிலைதான். ஒரே சுற்றில் நான்காவது அல்லது எட்டாவது மானாவைச் செலவிடும்போது கிடைக்கும் பயன் பெரிய உடம்புள்ள எந்த விலங்குக்கும் பொருந்தும்; குப்பையைக் கிளறும் அதன் குணம் படங்களிலும் பெயர்களிலும் தெரிகிற அளவுக்கு எண்களில் தெரியவில்லை.

பறவையின் சிக்கல் வேறு வகையானது. இத்தொகுதியின் பறவைகள் பறக்கத் தெரியாத கூட்டாளிகளுக்கு உதவினால்தான் பயன் பெறுகின்றன. ஆகவே பறவைகளை மட்டும் அடுக்கிய டெக் திணறும். சிந்தித்துச் செய்த திருப்பம் என்பதை மறுக்கவில்லை, ஆடும்போது சுவையாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு வகையின் பெயரைப் பார்த்ததும் புதியவர் அந்த வகையையே சேர்க்கத் தொடங்குவார். அவரைச் சரியாக அந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுவிடுகிறது.

வகைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதில் சீட்டாட்டங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2014 இல் வெளிவந்த 'ஹார்த்ஸ்டோன்' முதலை முதல் ஓநாய் வரை எல்லாவற்றையும் 'விலங்கு' என்ற ஒரே சொல்லில் அடைத்தது. ஓர் உயிரினத்துக்கு இரண்டு வகைகள் இருக்கலாம் என்ற மாற்றம் 2022 டிசம்பரில்தான் அங்கே வந்தது. 'யூ-கி-ஓ' இடைவழியை எடுத்தது: விலங்கு, விலங்கு வீரர், சிறகு விலங்கு, ஊர்வன, மீன், கடற்பாம்பு, பூச்சி, டைனோசர் என்று பெரிய கூடைகள். மேஜிக் மட்டும் இனம் இனமாகப் பெயரிட்டுக்கொண்டே போகிறது. பெரிய கூடை என்றால் எந்தச் சீட்டும் எந்தச் சீட்டோடும் சேரும், ஆனால் வகைக்குக் குணம் இராது. சிறிய கூடை என்றால் குணம் இருக்கும், துணைக்குச் சீட்டு இராது. 1993 இல் வந்த முதல் மேஜிக் தொகுதியில் கடல்மக்களை வலுப்படுத்த ஒரு தலைவர் சீட்டு இருந்தது. அவர் வலுப்படுத்துவதற்கு அத்தொகுதியில் இருந்த கடல்மக்கள் சீட்டு ஒன்றே ஒன்று!

ப்ளூம்பரோ சிறிய கூடைகளையே தேர்ந்தெடுத்தது. அவற்றின் அளவு சீராக இல்லை என்பது என் முதன்மையான குறை. எலியையும் சுண்டெலியையும் தனித்தனி வகைகளாகப் பிரிக்கும் அதே தொகுதி, ஆந்தையையும் பருந்தையும் சிறு குருவியையும் பறவை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இது ஆட்டத்தின் பழைய மரபு என்பது தெரியும். ஆங்கிலத்தில் எலிக்கும் சுண்டெலிக்கும் ஓசையிலேயே தொடர்பில்லாத இரண்டு சொற்கள் இருப்பதால் அங்கே இந்தப் பிரிவு இயல்பாகத் தோன்றுகிறது. தமிழில் யோசிக்கும் ஒருவருக்கு ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குள்ளேயே இருக்கிறது. பல்லியில் இது தலைகீழாகிறது: பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று நாம் பிரித்துச் சொல்பவற்றை எல்லாம் அங்கே ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. விலங்கு வகைகளின் எல்லை இயற்கையில் கோடிட்டு வைக்கப்பட்டதன்று, வடிவமைப்பவரின் மொழி அதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பதற்கு இத்தொகுதி நல்ல சான்று. தமிழில் புதிதாக ஓர் ஆட்டம் செய்ய நினைப்பவர் ஆங்கிலப் பட்டியலை அப்படியே எடுத்தாண்டால், நம் காதுக்குப் பிரியாதவை பிரிந்தும் பிரிந்தவை கலந்தும் நிற்கும்.

எலியும் சுண்டெலியும் மேசையில் ஏற்படுத்தும் குழப்பமும் சிறியதன்று. எதிரில் இருப்பவரின் சீட்டை நாம் தலைகீழாக, ஒரு கை நீளத் தொலைவிலிருந்து பார்க்கிறோம். முயலுக்குக் காது, அணிலுக்கு வால், வௌவாலுக்கு இறக்கை என்று நிழலுருவிலேயே அடையாளம் உண்டு. எலிக்கும் சுண்டெலிக்கும் அப்படி ஒன்றும் இல்லை. நிறங்கள் ஒன்றுக்கொன்று மோதாதபடி ஒன்றை நீலம் கறுப்பிலும் மற்றதைச் சிவப்பு வெள்ளையிலும் வைத்தது இந்தக் குறையைப் பெருமளவு மறைக்கிறது. இவ்வளவு நெருங்கிய இரண்டு விலங்குகளை வைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பின்பற்றத் தக்க வழி இதுவே.

அளவைக் கையாண்ட முறையில் இத்தொகுதி என்னை முழுமையாக வென்றது. மேஜிக்கின் முதல் தொகுதியிலேயே இருந்த 'கிரிஸ்லி பியர்ஸ்' என்ற கரடிச் சீட்டின் வலிமை 2/2. இரண்டு மானாவுக்கு 2/2 கிடைக்கும் எந்த உயிரினத்தையும் ஆட்டக்காரர்கள் இன்றும் கரடி என்றே அழைக்கிறார்கள். ப்ளூம்பரோவின் நாயகியான மேபல் என்ற சுண்டெலியோ 3/3. கரடியைவிடப் பெரிய சுண்டெலியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் உலகம் முழுவதையும் சுண்டெலியின் உயரத்துக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேல் பெரிய விலங்குகளை இயற்கைப் பேரிடர்களாக வைத்திருப்பதால் அந்த முரண் கரைந்துபோகிறது. ஆந்தையும் கரடியும் மீனும் பூனையும் இங்கே குடிமக்களாக வருவதில்லை. இரவு, காடு, வெள்ளம் போன்ற சக்திகளாக வருகின்றன. மாஹா என்ற ஆந்தை களத்தில் இருக்கும்வரை எதிராளியின் உயிரினங்கள் அனைத்துக்கும் அடிப்படைத் தாங்குதிறன் 1 ஆகிவிடுகிறது. இக்ரா என்ற பூனைக்கு மற்ற எல்லா உயிரினங்களும் உணவுச் சீட்டுகளாக மாறிவிடுகின்றன. பூனையின் பார்வையில் எலி என்ன, அணில் என்ன, எல்லாம் தீனிதான் என்பதை ஒரே வரி விதியால் சொன்ன இடம் இது. இத்தொகுதியின் மிகச் சிறந்த சீட்டு எது என்று கேட்டால் தயங்காமல் இக்ராவைக் காட்டுவேன்.

நான் எனக்காக எழுதிப் பார்த்த ஓர் ஆட்டத்தில் யானையும் கீரியும் ஒரே படையில் நின்றன. யானைக்கு 7, கீரிக்கு 1 என்று எண் கொடுத்தால் கீரியை யாரும் எடுக்கவில்லை. கீரிக்கு 3 கொடுத்தால் யானையை மிதித்துவிடும் கீரி நகைப்புக்கு இடமானது. ஒரு மாதம் எண்களையே திருத்திக்கொண்டிருந்தேன். தவறு எண்களில் இல்லை, இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்ததில் இருந்தது என்பது ப்ளூம்பரோவைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இன்னொரு முடிவையும் குறிப்பிட வேண்டும். 2007 இல் வந்த 'லார்வின்' தொகுதியும் மனிதர் இல்லாத உலகம். எட்டு இனங்களைக் கொண்டது. அங்கே 'உன் கையில் இந்த இனம் இருந்தால்' என்று இனப்பெயரையே எண்ணும் சீட்டுகள் மிகுதியாக இருந்ததால், டிராஃப்டில் ஓர் இனத்தைப் பிடித்தவர் கடைசிவரை அதே தண்டவாளத்தில் ஓட வேண்டியிருந்தது. ப்ளூம்பரோ பெரும்பாலும் பெயரை எண்ணாமல் செயலை எண்ணுகிறது. சுண்டெலிகளின் 'வேலியன்ட்' திறன், தன் உரிமையாளரின் மந்திரமோ திறனோ அந்தச் சுற்றில் முதன்முறையாக அவற்றைக் குறிவைக்கும்போது இயங்கும். உடன் இருப்பது சுண்டெலியா முயலா என்று அது பார்ப்பதில்லை. இதனால் விலங்கு ஒரு வழிகாட்டியாக இருக்கிறதே தவிர வேலியாக இல்லை.

அந்தத் தளர்வுக்கு விலையும் உண்டு. ஒரு சிவப்பு மானாவுக்கு இறங்கும் 1/1 சுண்டெலியான 'ஹார்ட்ஃபயர் ஹீரோ', குறிவைக்கப்படும்போது வளரும், இறக்கும்போது தன் வலிமைக்கு ஈடான சேதத்தை எதிராளிகளுக்குக் கொடுக்கும். எந்தத் தொகுதியின் வலுவூட்டும் மந்திரத்தோடும் அது சேரும் என்பதால், அண்மைத் தொகுதிகளை மட்டும் கொண்டு ஆடும் ஸ்டாண்டர்ட் போட்டிகளில் அளவுக்கு மீறி ஆதிக்கம் செலுத்தி, 2025 ஜூனில் தடைசெய்யப்பட்டது. நீர்நாய்க்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது வேறு தொகுதியில்: 2020 இல் வந்த 'லூட்ரி' என்ற நீர்நாய், நீலமும் சிவப்பும் கொண்ட எந்த டெக்கும் இலவசமாகத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்ததால், ஒரு தலைமை உயிரினத்தைச் சுற்றி டெக் அமைத்து ஆடும் கமாண்டர் முறையில் வெளியீட்டின்போதே தடையைச் சந்தித்தது. மேஜிக்கில் அச்சமூட்டும் விலங்கைத் தேடுபவர் டிராகனைத் தாண்டிக் கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும் போலும்.

தொகுதியோடு வந்த நான்கு கமாண்டர் டெக்குகளில் அணில் டெக் மட்டுமே பெயருக்கேற்ப ஒரே விலங்கைச் சுற்றி அமைந்திருக்கிறது. முயல், பறவை, ரக்கூன் ஆகியவற்றைத் தலைமையாகக் கொண்ட மற்ற மூன்றும் வேறு ஆட்டமுறைகளைத் தொடர்கின்றன. அட்டையில் உள்ள விலங்கை நம்பி வாங்குபவர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஆடி மகிழ மட்டும் வாங்குபவருக்கு என் பரிந்துரை அணில் டெக்தான். சொந்தமாக ஓர் ஆட்டம் செய்துகொண்டிருப்பவர் முழுத் தொகுதியின் சீட்டுகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு விதியிலும் விலங்கின் பெயரை மறைத்துவிட்டு, அது எந்த விலங்கு என்று ஊகித்துப் பார்க்கலாம். எனக்கு அணிலும் தவளையும் வௌவாலும் முயலும் உடனே பிடிபட்டன. பல்லியை இரண்டு முறை எலி என்று சொன்னேன்.