திருவொற்றியூர் தேரடி பேச்சுப் பயிற்சி மையம்: நைனாவோடு போன 16 நாள், என் மதிப்பெண் 4/5

ஒரு நட்சத்திரத்தை மாடிப்படிக்காகக் குறைத்திருக்கிறேன். பார்க்கின்சன் நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் கைப்பிடியே இல்லாத, ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. ஏறும்போது நான் நைனாவுக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால். இதை அந்தப் பயிற்சியாளர் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் ஆணிகூட அடிக்க விடமாட்டேன் என்கிறாராம்.

என் நைனா காசிமேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் மீன் ஏலம் விட்டவர். விடியற்காலையில் படகு வந்து கூடை இறங்கியதும் ஆரம்பிப்பார். மைக் கிடையாது. ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டி ஹாரன், பேரம் பேசுகிற பெண்கள் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் கேட்கும். பார்க்கின்சன் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகும் இரண்டு வருடம் அந்தக் குரலை வைத்தே ஓட்டினார். அப்புறம் மாத்திரை போதவில்லை. வேளைக்கு வேளை உடம்பு இறுகும், போட்ட மாத்திரை வேலை செய்தால் தலையும் தோளும் தானாக ஆடும். மூன்று வருடம் முன்பு டிபிஎஸ் செய்துகொண்டோம்.

தெரியாதவர்களுக்கு: மண்டையில் இரண்டு சிறு துளை போட்டு மூளையின் ஆழத்துக்கு மெல்லிய கம்பி இறக்குகிறார்கள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பேட்டரி. அது நொடிக்கு 130 தடவை போல மின்துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரான்ஸில் கிரனோபிள் நகரத்தில் பெனபிட் என்ற டாக்டர் 1987ல் நடுக்கத்துக்காக ஆரம்பித்து வைத்த வைத்தியம். பார்க்கின்சனுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2002ல். நோயை இது குணப்படுத்தாது, அறிகுறிகளை அடக்கும். நைனாவுக்கு அடக்கியது, அதில் சந்தேகமே இல்லை. மெஷினை ஆன் செய்த வாரத்தில் டீ கிளாஸைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனார். மாத்திரை பாதியாகக் குறைந்தது.

குரல்தான் போனது. ஏற்கெனவே கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அது நோயின் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது வேறு மாதிரி. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடின. 'வஞ்சிரம்' என்று ஆரம்பித்தால் 'வஞ்ம்' என்று முடியும். "தாத்தா இன்னாமா சொல்றாரு?" என்று என் பையன் என்னைப் பார்ப்பான். போன் வந்தால் நைனா என்னிடம் நீட்டிவிடுவார். எல்லாருக்கும் காது மந்தமாகிவிட்டது என்பது அவர் கட்சி.

ஆபரேஷன் செய்த இடத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான். கிருமித் தொற்று, ரத்தக் கசிவு, பேட்டரி ஆயுள் எல்லாம் உட்காரவைத்து விளக்கினார்கள். பேச்சு குழறலாம் என்பது கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரியாக மட்டும் இருந்தது. கூவிப் பிழைத்த மனிதரிடம் அதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் அவர் செய்துகொண்டிருப்பார், அது வேறு விஷயம்.

இந்த மையத்துக்கு நான் நாலு நட்சத்திரம் கொடுப்பதற்கு முதல் நாளே காரணம். அந்த அம்மா பயிற்சியை ஆரம்பிக்கவே இல்லை. ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணச் சொன்னார், தினத்தந்தியில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார், எல்லாவற்றையும் பதிவு செய்தார். பிறகு, "ஐயா, குரல் சின்னதா இருக்கறது என் வேலை. நாக்கு குழறுறது பாதி உங்க மெஷின் வேலை" என்றார். கம்பி நிற்கும் இடம் மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லையாம். முகத்துக்கும் நாக்குக்கும் போகும் நரம்புக் கட்டு அதை ஒட்டியே ஓடுகிறது. கரண்ட் கொஞ்சம் கூடினால் அங்கேயும் கசியும். பதிவோடு ஒரு கடிதம் எழுதி, மெஷினைச் சரிசெய்யும் டாக்டரிடம் எங்களை அனுப்பினார்.

டாக்டர் இடது பக்கக் கம்பியின் அளவை 3.4 மில்லிஆம்பியரிலிருந்து 2.8க்கு இறக்கினார். வெளியே பெஞ்சில் காத்திருந்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே பேச்சு தெளிய ஆரம்பித்தது. கூடவே வலது கையும் லேசாக ஆட ஆரம்பித்தது. இடது கம்பிதான் வலது கையைப் பார்த்துக்கொள்கிறது. கை வேண்டுமா, வாய் வேண்டுமா என்று டாக்டர் கேட்டபோது நைனா யோசிக்கவே இல்லை. "கைய புள்ளைங்க புடிச்சிக்கும்" என்றார். கடைசியில் இரண்டு செட்டிங் போட்டுக் கொடுத்தார்கள். கையடக்க ரிமோட்டில் சாப்பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று.

அதற்குப் பிறகுதான் 16 நாள் பயிற்சி. வாரம் நாலு நாள், ஒரு மணி நேரம், நாலு வாரம். எல்எஸ்விடி, அதாவது 'லீ சில்வர்மேன் வாய்ஸ் ட்ரீட்மென்ட்' என்கிறார்கள். முழுப்பெயரில் வரும் லீ சில்வர்மேன் என்பவர் பார்க்கின்சன் வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி. சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: சத்தமாகப் பேசு. நோய் வந்தவருக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது. சாதாரணமாகப் பேசினாலே கத்துகிற மாதிரி அவருக்குத் தோன்றும். அதனால் முகத்துக்கு முன்னால் சத்தமானியை வைத்து நீளமாக 'ஆ' சொல்லவைக்கிறார்கள். முதல் நாள் 66 டெசிபல், கடைசி நாள் 79.

தினமும் பேசுகிற பத்து வாக்கியத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மற்றவர்கள் 'தண்ணி குடு', 'ஃபேன் போடு' என்று எழுதுவார்களாம். நைனாவின் பத்தில் எட்டு ஏலம். 'சங்கரா கூடை ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூறு, யார்றா மேல?' ஆறாவது நாள் இதைக் கூவியபோது கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைப் பையன் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தான்.

சரியாகாததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை மீன் பேர் சொல்ல முடியும் என்று ஒரு சோதனை. நைனா பதினொன்றில் நின்றுவிட்டார். நெத்திலியே ஞாபகம் வரவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வார்த்தை சீக்கிரம் அகப்படாமல் போவது உண்டு, இந்தப் பயிற்சி அதற்கு உதவாது என்று அந்த அம்மா மழுப்பாமல் சொன்னார். வீட்டுப் பயிற்சியை ஒரு வாரம் விட்டால் குரல் மறுபடி இறங்குவதையும் பார்த்துவிட்டோம்.

கட்டணம் ஒரு நாளைக்கு 700, மொத்தம் 11,200 ரூபாய். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். சாயங்கால நேரம் வேண்டாம், கன்டெய்னர் லாரி சத்தத்தில் மானி தப்பாகக் காட்டுகிறது. மெட்ரோவில் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கிட்டத்தான். பேட்டரி கார்டைக் காட்டினால் செக்யூரிட்டியில் மெஷின் வாசலைத் தவிர்த்துக் கையால் சோதித்து விடுகிறார்கள். ரிமோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒன்பதாவது நாள் நாங்கள் அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தோம். சாப்பாட்டு செட்டிங்கிலேயே ஒரு மணி நேரமும் போனது.