பம்பா, பாணியா, மெஷினா? இழுப்புள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு ஒப்பீடு

வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் திருகோணமலையில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே கதைதான். முதலில் தடிமன், அடுத்த நாள் இருமல், அதற்கடுத்த இரவு நெஞ்சுக்குள் விசில் சத்தம். கோடையில் கச்சான் காற்று தூசியைக் கிளப்பும்போது இன்னொரு சுற்று. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் அறுவடை நடக்கும் நாட்களில் வைக்கோல் தூசியும் புகையும் சேர்ந்து வேறொரு சுற்று. இந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை வரும். பாணி மருந்தே போதும் என்பார் ஒருவர், மருந்தைப் புகைபோல ஆக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள் என்பார் இன்னொருவர், பம்ப் (இன்ஹேலர்) மட்டும் வேண்டாம், பிள்ளைக்குப் பழகிவிடும் என்பார் அம்மம்மா. என் மகளுக்கும் இழுப்பு (ஆஸ்துமா) உண்டு, அதனால் இவை எல்லாவற்றையும் கேட்டவள் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பேசரோடு (பம்பிலிருந்து வரும் மருந்தைப் பிடித்துவைத்து, பிள்ளை மூச்செடுக்க உதவும் பிளாஸ்ரிக் குழல்) சேர்த்துக் கொடுக்கும் பம்ப்தான் முதலிடம், மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பாணியிலிருந்து தொடங்கலாம். இழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் பாணியில் பொதுவாக 5 மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இதே மருந்துள்ள நீலப் பம்பை ஒரு தரம் அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு தேக்கரண்டி பாணி இருபது அழுத்தலுக்குச் சமமான மருந்து. அவ்வளவும் வயிற்றுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரவேண்டும், வேலை தொடங்கவே அரை மணித்தியாலம் ஆகும். பம்பில் வருவது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். பாணி குடித்த பிள்ளைக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் நித்திரை வராமல் புரள்வதும் இந்த இருபது மடங்குக் கணக்கால்தான். உலக ஆஸ்துமா வழிகாட்டல்கள் வாய்வழி சல்பியூட்டமோலைப் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் நம் வீடுகளில் பாணிப் போத்தலுக்குத்தான் இன்னும் மரியாதை, கரண்டியால் கொடுப்பதுதான் மருந்து என்று மனதில் பதிந்துவிட்டது.

பம்ப் பழகிவிடுமா? இல்லை. பாணியில் இருப்பதும் பம்பில் இருப்பதும் மெஷினில் ஊற்றுவதும் ஒரே சல்பியூட்டமோல்தான், பம்பில் அளவு மட்டும் குறைவு. பிள்ளைக்குத் திரும்பத் திரும்பப் பம்ப் தேவைப்படுகிறதென்றால் அது பம்புக்கு அடிமையானதால் அல்ல, உள்ளே இருக்கும் வீக்கத்துக்கு யாரும் மருந்து கொடுக்காததால். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது மெஷின். காசு சேர்த்து நெபுலைசர் வாங்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும், ஏனென்றால் நல்ல மனதோடுதான் வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டுப் புகை மாதிரி வரும்போது பிள்ளை சுகமாவதைக் கண்டவர்களுக்கு அதுதான் பலமான மருந்து என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சாதாரண, நடுத்தர இழுப்பில் ஸ்பேசரோடு கொடுக்கும் பம்பும் நெபுலைசரும் பிள்ளைகளில் ஒரே அளவுக்குத்தான் வேலை செய்கின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபின் உறுதியான விஷயம். வாட்டில் அனுமதிக்கப்படும் பிள்ளைகளின் தொகை மாறவில்லை, ஸ்பேசர் பாவித்த பிள்ளைகள் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து இன்னும் சீக்கிரமாக வீட்டுக்குப் போனார்கள், அவர்களுக்கு நெஞ்சுப் படபடப்பும் நடுக்கமும் குறைவு. மெஷின் உண்மையிலேயே வெல்லும் இடம் ஒன்று உண்டு: கடுமையான இழுப்பில் ஒட்சிசனோடு சேர்த்து மருந்து கொடுக்கவேண்டிய நேரம். அந்த நேரத்தில் பிள்ளை இருக்கவேண்டிய இடம் ஆஸ்பத்திரி, வீட்டு ஹோல் அல்ல.

வேறு வித்தியாசங்களையும் பாருங்கள். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம், அந்த இரவுகளில் வீட்டு நெபுலைசர் வெறும் பெட்டி. பம்பும் ஸ்பேசரும் பள்ளிக்கூடப் பையில் போகும், நிலாவெளிக் கடற்கரைக்குப் போகும், மூதூரில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கும் போகும். மெஷினின் கோப்பையையும் குழாயையும் ஒவ்வொரு தரமும் கழுவிக் காயவைக்காவிட்டால் ஈரத்தில் கிருமி வளரும், அதையும் சேர்த்துத்தான் பிள்ளை இழுக்கும். பிள்ளை அழுகிறதென்று மாஸ்க்கை முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார்களே, அப்போது மருந்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது வேறு: மெஷின் இருக்கிற வீட்டில், இன்னொரு தரம் பிடித்துப் பார்ப்போம், இன்னொரு தரம் என்று இரவு கழிந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் தவறிவிடும்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லை என்பவர்களுக்கு ஒன்று. 1999இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் செய்த ஓர் ஆய்வில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியில்லாமல் ஒட்டிச் செய்த ஸ்பேசர், கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. அதில் பங்கெடுத்தவர்கள் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பொலிஸ்டைரீன் கோப்பையில் செய்தது அந்த அளவுக்கு வரவில்லை. அதனால் ஏதோ ஒரு கோப்பையை முகத்தில் கவிழ்ப்பது போதாது, போத்தலாகவும் காற்றுப் புகாதபடி ஒட்டியதாகவும் இருக்கவேண்டும். செய்ததை டொக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பம்பில் மருந்து இருந்தும் பிள்ளைக்குச் சுகம் வரவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது கொடுக்கும் முறை. பம்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு தரம் மட்டும் அழுத்தி, பிள்ளையை ஐந்தாறு மூச்சு சாதாரணமாக எடுக்கவிடுங்கள். பிறகு திரும்பக் குலுக்கி அடுத்த தரம். இரண்டு மூன்றை ஒன்றாக அழுத்தினால் துளிகள் ஸ்பேசருக்குள்ளேயே ஒட்டிவிடும். நாலு வயதுக்குக் கீழே என்றால் மாஸ்க் வேண்டும், மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூடவேண்டும், அதற்கு மேல் வாயில் வைத்துப் பழக்கலாம். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி, மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்பில் எத்தனை மிச்சம் என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது சரியாக வராது, பெரும்பாலான பம்பில் 200 அழுத்தல், தொடங்கிய தேதியை மேலே எழுதிவைத்துக் கணக்குப் பாருங்கள்.

கெப்சியூலை உள்ளே வைத்து உறிஞ்சும் கருவியும் கிடைக்கும். அது பெரிய பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் தூள் உள்ளே போக வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சவேண்டும். அந்தப் பலம் ஐந்து வயதுக்குக் கீழே வராது, இழுப்பு நேரத்தில் பெரிய பிள்ளைக்கும் குறையும். கெப்சியூலை விழுங்கக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சரி, இப்போது உள்ளே இருக்கும் வீக்கம். நீலப் பம்ப் மூச்சுக்குழாயை விரிக்கும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெதசோன் மாதிரியான மருந்து உள்ள தடுப்புப் பம்ப், பெரும்பாலும் மண்ணிறத்தில் வரும் (நிறத்தை நம்பாமல் பெயரை வாசியுங்கள்). இதில் இருப்பது ஸ்டீரொயிட் என்று தெரிந்ததும் பல பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கடும் இழுப்பு வந்து பிரெட்னிசொலோன் குளிசை ஐந்து நாள் கொடுக்கிறார்கள், அதுவும் ஸ்டீரொயிட்தான். ஒரு நாளுக்கு 20 மில்லிகிராம் என்று ஐந்து நாள் கொடுத்தால் 100 மில்லிகிராம். நாளுக்கு 200 மைக்ரோகிராம் பம்ப் எடுக்கும் பிள்ளை அந்த எடையைத் தொட 500 நாள் ஆகும். இரண்டு மருந்தின் வீரியமும் ஒன்றல்ல, அதனால் இதை நேர்க்கணக்காக எடுக்கவேண்டாம், ஆனால் குளிசை உடம்பு முழுக்கப் போகிறது, பம்ப் பெரும்பாலும் நெஞ்சோடு நிற்கிறது. கடும் இழுப்பில் பிரெட்னிசொலோன் உயிரைக் காக்கும், அதை மறுக்கவே கூடாது. அடிக்கடி அது தேவைப்படும் நிலைக்குப் பிள்ளையை விடாமல் இருப்பதுதான் நம் வேலை.

தடுப்புப் பம்பால் வளர்த்தி குறையுமா என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் இருக்கிறது. கொஞ்சம் குறையலாம். அமெரிக்காவில் நாலு முதல் ஆறு வருடம் தினமும் புடசொனைட் (இன்னொரு தடுப்புப் பம்ப் மருந்து) எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட முடிவில், உயரம் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. அதற்கு எதிரே வைத்துப் பார்க்கவேண்டியது மூச்சு முட்டிய இரவுகளையும் போகாத பள்ளிக்கூட நாட்களையும். என் மகளுக்கு நான் எதைத் தெரிவுசெய்தேன் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பம்ப் எடுத்ததும் வாயைக் கொப்பளிக்கவைத்தால் வாய்க்குள் வெள்ளை படர்வதும் குறையும்.

இதற்குப் போட்டியாக வருவது மொன்டிலூகாஸ்ட் குளிசை. சப்பிச் சாப்பிடலாம், இனிப்பு, பிள்ளை அடம்பிடிக்காது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளில் தடுப்புப் பம்பின் பலன் அதற்கு இல்லை. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பெட்டியில் மனநிலை மாற்றம் பற்றிக் கடும் எச்சரிக்கை போடவைத்தது. கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், சோர்ந்து ஒதுங்குவது போன்றவை தெரிந்தால் அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீலப் பம்பை மட்டும் தனியே வைத்து ஆஸ்துமாவைப் பார்ப்பதும் 2019இலிருந்து உலக வழிகாட்டலில் இல்லை, அடுத்த கிளினிக்கில் கேட்டுப்பாருங்கள்.

மூக்கு ஒழுகல், தும்மலுக்கு நம்மவர் கை போவது பிரிட்டோன் (Piriton) குளிசைக்கு. அது நித்திரையாக்கும், வகுப்பில் பிள்ளை தூங்கி வழியும். செற்றிரிசீன், லொரற்றடீன் இரண்டும் அதைவிட மேல். மூக்கடைப்பு நாட்பட்டதென்றால் மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே இவை எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்யும்.

வீட்டுக்குள் வருவோம். நுளம்புச்சுருளா, வலையா? சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளிவந்த ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட் எரிக்கும் அளவுக்கு நுண்துகள் வெளியானது. அந்த அறையில்தான் பிள்ளை இரவு முழுக்க மூச்சு விடுகிறது. வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதால் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும், முற்றத்தில் தண்ணீர் தேங்காமலும் பார்க்கவேண்டும். குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கமும் இழுப்புள்ள வீட்டில் வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகாமல், சாமிக்குக் காட்டுங்கள், பிள்ளையை வெளியே வைத்திருக்கிறேன் என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். தூசிப்பூச்சிக்கு விலைகூடிய மெத்தை உறையை மட்டும் நம்புவதைவிட, விரிப்பையும் தலையணை உறையையும் வாராவாரம் சுடுதண்ணீரில் தோய்த்து, நம்மூர் வெயிலில் மெத்தையைக் காயப்போடுவது நடக்கக்கூடிய காரியம். சாப்பாட்டில் இறால், நண்டு, தயிர், வாழைப்பழம் என்று எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள், சாப்பிட்டதும் உண்மையில் தடிப்போ வாந்தியோ வந்த சாப்பாட்டை மட்டும் டொக்டரோடு கதைத்து நிறுத்துங்கள். ஆவி பிடிப்பது இழுப்பைக் குறைப்பதில்லை, சுடுதண்ணீர் கொட்டிப் பிள்ளை வெந்துபோகும் ஆபத்துத்தான் மிச்சம்.

கடைசியாக, வீட்டில் வைத்துப் பார்ப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா. சின்னப் பிள்ளைக்கு இழுப்புத் தொடங்கினால் ஸ்பேசரில் நீலப் பம்ப் 2 அழுத்தல், தேவையென்றால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு தரம். முதல் இரண்டு மணித்தியாலத்தில் 6 அழுத்தலுக்கு மேல் கேட்டால் அன்றே காட்டவேண்டும். சட்டையைக் கழற்றி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம் கூட. விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டாலோ, பிள்ளை பால் குடிக்கவோ கதைக்கவோ முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கொண்டு நிற்கவேண்டாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. அது வரும்வரை பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக அழுத்திக் கொடுத்துக்கொண்டிருங்கள், பம்பையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப்போங்கள்.